ரத்னம்மா உடைக்காத கடிகாரம்

முதலில் ரத்னம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நானே வக்கீலாகிவிடுவேன். அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

ரத்னம்மா நகரியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். பதினோரு வயதிலேயே பவர்லூம் கொட்டகையில் அறுந்த இழைகளை முடிகிற வேலைக்கு வந்துவிட்டார். அவர் முடிச்சுப் போட்ட இடத்தைத் துணியில் கண்டுபிடிக்க முடியாதாம். தடவிப் பார்த்தாலும் கைக்குத் தட்டுப்படாதாம். இதை அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னதில்லை. மேசைவிரிப்பில் கிழிந்திருந்த ஓர் இடத்தை ஒருநாள் தைத்துவைத்திருந்தார். கிழிசல் எங்கே போனது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, வேறு வழியில்லாமல் சொன்னார்.

பத்தொன்பது வயதில் கங்காதர நெல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் நாகையாவுக்கு வாழ்க்கைப்பட்டார். நாகையா குடும்பத்துக்கு ஒரு காலத்தில் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. பிறகு கிடைத்த ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை போட்டார்கள். மழை ஏமாற்றிய வருஷங்களில் இரண்டு பேரும் கூலிக்குப் போனார்கள். முப்பத்தெட்டாவது வயதில் ரத்னம்மா எங்கள் காட்சிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தார். ஒன்பது வருஷம் இருந்தார்.

நேரில் அவரை நான் நீ, வா, போ என்றுதான் பேசுவேன். எழுதும்போது மட்டும் மரியாதை கூடிவிடுகிறது. அதிலும் எனக்கு வெட்கம்தான்.

எங்கள் கூடம் சித்தூரில், காணிப்பாக்கம் போகிற வழியில் ஒரு பழைய பங்களா. ஒரு கல்வி அறக்கட்டளைக்குச் சொந்தமானது. அதை நடத்துகிற கரஸ்பாண்டெண்ட் தேவேந்திரனின் அப்பா ஆயுள் முழுக்கப் பழம்பொருள் வாங்கிச் சேர்த்தவர். அவர் போன பிறகு, விளக்கு, கிராமபோன், தராசு, பூட்டு என்று எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கிப் பார்வைக்கு வைத்தார்கள். பள்ளிக்கூடங்கள் வரும். திருப்பதிக்குப் போகிற வேலூர்ப் பக்கத்து பஸ்கள் நின்று போகும். அறக்கட்டளையின் பள்ளியில் லேப் அட்டெண்டராக இருந்த என்னை, நாக்கு நீளம் என்பதற்காக, வழிகாட்டியாக இங்கே மாற்றினார்கள். தெலுங்கு, தமிழ், தப்பும் தவறுமாக இங்கிலீஷ், மூன்றிலும் அளப்பேன். என் பெயர் பூவராகவன்.

ரத்னம்மாவுக்குப் பெருக்குவதும் துடைப்பதும்தான் வேலை. ஆனால் ஆறு மாதத்தில் பித்தளைச் சாமான் முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது. நம் ஊரில் பித்தளை என்றால் புளியைப் போட்டு பளபளவென்று தேய்த்துவிடுவார்கள். அவர் பித்தளையைத் தொட்ட முதல் நாளே என்னிடம் வந்து, "சார், இதுக்கெல்லாம் புளி போடலாமா? போட்டா எழுத்து அழிஞ்சிடும்போல கீதே" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரிந்தவன்போல, "கூடாது, கூடாது" என்றேன். அன்றிலிருந்து, வேப்பங்குச்சி முனையில் மஞ்சள் துணியைச் சுற்றி, சாமானை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் துடைப்பார். ஒன்பது வருஷத்தில் ஒரு கண்ணாடிகூட அவர் கையில் விரிசல் விட்டதில்லை.

இனி அந்தக் கடிகாரம்.

உள்ளங்கையில் அடங்குகிற எட்டு மூலைப் பித்தளைத் தகடு. அதன் நடுவில் ஒரு சின்ன திசைகாட்டி. தகட்டின் மேல் மடக்கி நிமிர்த்தக்கூடிய முக்கோணச் சட்டம் ஒன்று. சட்டத்தைப் பிடித்தாற்போல ஒரு குட்டிப் பறவை, அதன் அலகு நாற்பதிலிருந்து அறுபது வரை உள்ள எண்களில் ஏதாவது ஒன்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் செய்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற சூரியக் கடிகாரம். சாவி கிடையாது, முள் கிடையாது. தகட்டை மட்டமாக வைக்க வேண்டும். திசைகாட்டி ஊசி வடக்குக் குறியில் வந்து நிற்கும்வரை திருப்ப வேண்டும். சட்டத்தை நிமிர்த்தினால் அதன் நிழல் தகட்டில் வெட்டியிருக்கும் மணிக்கோடுகளில் ஒன்றின்மேல் விழும். அதுதான் மணி. வழிப்போக்கனும் படைவீரனும் வெயில் இருக்கிற இடத்திலெல்லாம் இப்படித்தான் நேரம் பார்த்திருக்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதை யோக்கியமாகத்தான் வைத்துப் பார்த்தேன். தப்பாகக் காட்டியது. காலையில் பார்த்தால் பின்தங்கி இருந்தது. சாயங்காலம் பார்த்தால் முன்னால் ஓடியது. தை மாதத்தில் ஓரளவு ஒத்துப்போகும், கோடையில் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் வரும். கிழடாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று தெரிந்துவிடுமே.

அந்த வாரமே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அறுபது பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். கைக்கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். பதினொன்று பத்து. தகட்டை மெல்லத் திருப்பினேன், நிழல் பதினொன்றைத் தாண்டுகிற வரைக்கும். ஊசி கண்டபடி எங்கோ நின்றது. அதன்மேல் என் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டேன். "பதினொன்று பத்து!" என்றேன். பிள்ளைகள் டீச்சரின் கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கைதட்டினார்கள்.

கடிகாரத்தைப் பார்க்காமல் மணி சொல்வதுதான் அந்தச் சாமானின் பிழைப்பு. நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதன் வாயில் மணியைத் திணித்தேன். பதினோரு வருஷம் இதே வேலை. தகட்டின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயர்களும் பக்கத்தில் எண்களும் வரிசையாக வெட்டியிருக்கும். அது என்ன என்று யாராவது கேட்டால், "எந்த ஊர்ல எத்தன வித்துச்சுன்னு எழுதி வெச்சிருக்கான்" என்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் தினமும் பத்தரை மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று மறைத்தேன்.

போன வருஷத்துக்கு முந்திய ஜூன் மாதம். சுற்றுலாப் பட்டியலில் எங்கள் கூடத்தைச் சேர்க்கலாமா என்று பார்க்க நாலு பேர் வந்தார்கள். தேவேந்திரன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். அப்பாவின் பெயர் ஊரறிய வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. நான் விளக்கு, பூட்டு எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் முற்றத்துக்கு அழைத்துப்போனேன். என் உச்சக்கட்டம் அதுதான்.

தகட்டைத் திருப்பத் தொடங்கியிருப்பேன். வந்தவர்களில் ஒருவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய மீசை. "கொஞ்சம் குடுங்க சார், நான் வெக்கிறேன்" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கைப்பிடிச் சுவரின்மேல் மட்டமாக வைத்தார். ஊசி ஆடி ஓய்கிறவரை பொறுத்தார். வடக்குக் குறிக்கு நேராகத் திருப்பினார். குனிந்து நிழலைப் படித்தார்.

"ஒன்பதுகூட ஆகல" என்றார்.

அப்போது மணி பத்து. நாலு பேரும் சிரித்தார்கள். மனம் புண்படும்படி சிரிக்கவில்லை. ஆனாலும் தேவேந்திரனின் முகம் சுருங்கிவிட்டது. "ஏமய்யா பூவராகவன், இது என்ன?" என்றார்.

என் வாயிலிருந்து வந்தது இதுதான். "நேத்து வரைக்கும் கரெக்டா காட்டிச்சு சார்."

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் யோசிக்காமல் வருகிற பொய்தான் மனிதன் யார் என்று காட்டுகிறது. மீசைக்காரர் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா பறவைய யாரோ வளைச்சுட்டாங்க" என்றார்.

"நேத்து இதை எடுத்தது எவரு?" என்று தேவேந்திரன் கேட்டார்.

கதவோரம் மஞ்சள் துணியோடு நின்றிருந்த ரத்னம்மா ஓர் அடி முன்னால் வந்தார். யாரும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நாந்தான் சார். நேத்து சாயங்காலம் தொடச்சேன். தொடைக்க சொல்ல பறவ வாலாண்ட துணி மாட்டிக்கிச்சு. மெல்ல எடுத்துட்டேன். வளைஞ்சாப்பல தெரியல சார்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நேத்து பகல்ல நீங்க காட்ட சொல்ல சரியா இருந்துச்சா?"

அந்தக் கேள்வியில் சூது இல்லை. என்னை மடக்கவும் கேட்கவில்லை. தன் கையில் தப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை ரத்னம்மா, அது என்றைக்குமே சரியாக இருந்ததில்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நாலு பேர் முன்னால் என் பதினோரு வருஷத்துப் பவிசு போயிருக்கும். வேலையும் போயிருக்கலாம். ஓய்வு பெற எனக்கு இரண்டு வருஷம் இருந்தது.

"ஆமா. சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

ரத்னம்மா தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "அப்போ என் கையாலதான் போயிருக்குது சார்" என்று தேவேந்திரனிடம் சொன்னார். நான் சொன்ன பிறகு அவருக்குச் சந்தேகமே இல்லை.

தேவேந்திரன் கத்துகிற மனிதர் இல்லை. வந்தவர்களை அனுப்பிவிட்டு, "அப்பா உசுரா வெச்சிருந்த சாமான்மா அது. அடுத்த மாசத்துல இருந்து வேணாம்" என்று மட்டும் சொன்னார். ரத்னம்மா ஒரு வார்த்தை வாதாடவில்லை. மாதம் முடிகிறவரை வந்தார். பித்தளைப் பக்கம் போகவில்லை, தரையை மட்டும் பெருக்கினார். கடைசி நாளன்று என்னிடம் வந்து, "தப்பா நெனச்சிக்காதீங்க சார், உங்க பேருக்கும் கெட்டதாப் போச்சு" என்றார். நான், "பரவால்ல, பரவால்ல" என்றேன். மன்னித்துவிட்டேன்! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பாவத்தைச் செய்தவனிடமே பழியைச் சுமந்தவர் வந்து மன்னிப்புக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பறவையை நிமிர்த்தச் சொல்லி நகை ஆசாரி ஒருவரிடம் என்னையே அனுப்பினார்கள். அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுல வளைவே இல்லீங்களே. யாரு சொன்னாங்க ஒங்களுக்கு?" என்றார். அதை நான் தேவேந்திரனிடம் சொல்லவில்லை. "சரி பண்ண முடியாதுன்னுட்டாரு சார்" என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். இனி யாரும் காட்டச் சொல்லமாட்டார்கள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

அடுத்த பிப்ரவரியில் திருப்பதியில் இருந்து ஓர் அம்மா தனியாக வந்தார். சிவசங்கரி என்று பெயர். கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவர். எல்லாப் பெட்டியையும் வேகமாகத் தாண்டி வந்தவர், அந்தப் பெட்டி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். 'பழுதடைந்த சூரியக் கடிகாரம்' என்று நான்தான் அட்டை எழுதி ஒட்டியிருந்தேன்.

"இதுல என்ன பழுது?" என்று கேட்டார்.

"தப்பா காட்டுது மேடம். பறவ வளைஞ்சிடுச்சு."

வெளியே எடுக்கச் சொன்னார். பின்பக்கத்து ஊர்ப் பெயர்களை விரலால் தடவிப் படித்தார். சிரித்தார். "இது அந்தந்த ஊர் பூமத்திய ரேகையில இருந்து எவ்ளோ தூரம்னு சொல்ற நம்பர். பாரிஸுக்கு நாப்பத்தொன்பதுன்னு போட்டிருக்கு பாருங்க. எந்த ஊருக்குப் போறீங்களோ அந்த நம்பருக்குப் பறவைய நகர்த்தணும். சட்டத்தோட சாய்வு அதுக்கேத்த மாதிரி மாறும்."

விற்ற கணக்கு என்று பதினோரு வருஷம் சொன்னவன் நான். காது சூடாகிவிட்டது.

"துருவ நட்சத்திரம் நம்ம ஊர்ல எவ்ளோ உயரத்துல தெரியுமோ, அவ்ளோதான் இந்த விளிம்பு சாய்ஞ்சிருக்கணும். அப்பத்தான் நிழல் மணிக்கோட்டுல சரியா விழும். பாரிஸ்ல அது பாதி வானத்துக்கும் மேல இருக்கும். சித்தூர்ல? அடிவானத்துல இருந்து கொஞ்சூண்டு மேல. பதிமூணு டிகிரி. இந்தப் பறவை நாப்பதுக்குக் கீழ இறங்காதே சார். இறங்குற மாதிரி செய்யவே இல்ல. போதாததுக்கு நம்ம ஊர் சூரியனும் நம்ம கைக்கடிகாரமும் வருஷத்துல பாதி நாள் ஒத்துப்போகாது. கால் மணி நேரம் அது வேற வித்தியாசம்."

"அப்போ யாரும் வளைக்கலையா?"

"சட்டம் ஒரு பக்கமா வளைஞ்சிருந்தா காலைலயும் சாயங்காலமும் ஒரே பக்கம்தான் தப்பும். இது எப்படித் தப்புது?"

"காலைல பின்னாடி போவும் மேடம். சாயங்காலம் முன்னாடி ஓடும்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பதினோரு வருஷத்துக்கு முன் முதல் வாரத்திலேயே நான் பார்த்தது அது.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "கரெக்ட். வேற ஊருக்குச் செஞ்சத நம்ம ஊர்ல வெச்சா அப்படித்தான் காட்டும். இங்க வந்த நாள்ல இருந்தே அப்படித்தான் காட்டியிருக்கும். இத்தன வருஷம் எப்படி டெமோ காட்டுனீங்க?"

கட்டைவிரல் தானாக உள்ளங்கைக்குள் மடங்கியது. "ஏதோ காட்டுனோம் மேடம்" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. படித்தவர்கள் சில சமயம் மிகவும் நாசூக்காக இருந்துவிடுகிறார்கள். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே தேவேந்திரனிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஊர், சாய்வு, பதிமூன்று டிகிரி வரைக்கும் சொன்னேன், யார் கண்டுபிடித்தது என்பதற்கு இன்னும் வரவில்லை. அப்பா வாங்கிய சாமான் பழுதில்லை என்று கேட்டதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் எப்படி மணி காட்டினேன் என்று கேட்க அந்தச் சந்தோஷத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. "இத்தன வயசுல இவ்ளோ ஆராய்ச்சி பண்ணியிருக்கியே அய்யா!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை உதறிவிட்டு, கட்டைவிரல் கதையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு வாரத்தில் பெட்டிக்குள் புது அட்டை வந்துவிட்டது. கடிகாரம் பழுதில்லாதது, பாரிஸ் பக்கத்து நாடுகளுக்காகச் செய்யப்பட்டது என்று விவரம். கீழே, 'கண்டறிந்தவர்: வழிகாட்டி பூவராகவன்.' எனக்குச் சால்வை போட்டார்கள். ஊழியர் ஏழு பேரும் கைதட்டினார்கள். ஏழு பேரும் ரத்னம்மாவோடு சேர்ந்து சாப்பிட்டவர்கள். சால்வையை வீட்டுக்குக் கொண்டுபோய், பீரோவின் அடித்தட்டில், கண்ணில் படாத இடத்தில் திணித்தேன்.

"அந்த ரத்னம்மாவ வரச் சொல்லுய்யா. பாவம், வீணா அனுப்பிட்டோம். நீயே போய் சொல்லிட்டு வா" என்றார் தேவேந்திரன். அவருக்கு அது அத்தனை சுலபமாக இருந்தது. அது பிப்ரவரி கடைசி. நான் போனது ஜூனில். நாலு மாதம் என்ன செய்தாய் என்று கேட்டால், ஒரு நாள் வெயில், ஒரு நாள் முதுகு வலி, ஒரு நாள் ஆள் ஊரில் இருக்கமாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தினமும் பத்தரைக்கு அந்த அட்டையைக் கூட்டத்துக்குப் படித்துக் காட்டினேன், கீழ்வரியை மட்டும் விட்டுவிட்டு.

கங்காதர நெல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் போனேன். மத்தியானம் ஒரு மணி இருக்கும். ரத்னம்மா வீட்டு வாசலில், வேப்பமர நிழலில், லட்சுமம்மா என்கிற இன்னொரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தார். மாங்கூழ் ஃபேக்டரியின் ஆட்டோவுக்குக் காத்திருந்தார்கள். அவர் வலது தோளில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"சார்! வாங்க சார், வாங்க. லட்சுமக்கா, நான் சொல்லுவேனே, எங்க சாரு." உள்ளே ஓடி, ஸ்டீல் டம்ளரில் மோர் கொண்டுவந்தார்.

"தோளுக்கு என்ன?" என்று கேட்டேன்.

லட்சுமம்மா முந்திக்கொண்டார். "கிரேடு பொட்டி தூக்கித் தூக்கித்தான் சார். மாங்கா நெறைஞ்ச கிரேடு என்னா கனம்னு நெனச்சீங்க! இவ மூசியத்துல இருந்தவன்னு கேள்விப்பட்டு, ஆபீசரு லேபுல வேல குடுத்தாரு. கண்ணாடி சாமான் கழுவற வேல. ஃபேனு கீது, உக்காந்துகினே செய்யலாம். நாங்கள்லாம் ஏங்கிக்கினு கீறோம். இவ வேணாம்னுட்டா."

"ஏன் ரத்னம்மா?"

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். லட்சுமம்மா விடவில்லை. "கை சரியில்லாத கையாம் சார். ஒடச்சிடுவாளாம். வூட்டுல கூட பாருங்க, கண்ணாடி டம்ளரெல்லாம் மூட்ட கட்டி மேல போட்டுட்டா. பொண்ணு கண்ணாடி வளையல் போட்டுவுட சொன்னாக்கூட, பக்கத்து வூட்டுக்கு அனுப்பறா."

வேலையைத்தான் பறித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கே தூக்கம் கெட்டிருந்தது. அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் முடிந்த அந்தக் கையையும் பறித்திருக்கிறேன் என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

டம்ளரைக் கீழே வைத்தேன். "ரத்னம்மா, நீ எதையும் ஒடைக்கல. வளைக்கவும் இல்ல. அந்தக் கடிகாரம் நல்லாத்தான் இருக்குது."

"சரி பண்ணிட்டாங்களா சார்? நல்லதாப் போச்சு."

"சரி பண்ணல. அது கெட்டே போகல. நம்ம ஊருக்குச் செஞ்சது இல்ல அது. நம்ம ஊர்ல அது ஒரு நாளும் சரியா காட்டினதில்ல. நான் வாட்ச்ச பாத்துட்டு, நிழல் அந்த மணிக்கு வர்ற வரைக்கும் தட்ட திருப்புவேன். ஊசி தெரியாம கட்டைவெரல வெச்சு மறைச்சுப்பேன். பதினோரு வருஷம் அப்படித்தான் எல்லாரையும் ஏமாத்தினேன். அன்னிக்கு நீ கேட்டப்போ, சரியா இருந்துச்சுன்னு நான் சொன்னது பொய். என் மானம் போவக்கூடாதுன்னு உன்மேல போட்டேன்."

வாழ்நாளில் முதல் தடவையாக முழுசாகச் சொல்லி முடித்தேன். திட்டுவார், அழுவார், எழுந்து உள்ளே போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தேன்.

ரத்னம்மா முகமெல்லாம் இளகிச் சிரித்தார்.

"கரஸ்பாண்டெண்ட் சாரு மறுபடி வேலைக்கு வர சொன்னாரா?"

"ஆமா. உன்ன கூப்புடத்தான் வந்தேன்."

"அதான பாத்தேன். நான் வரமாட்டேன்னு தெரிஞ்சு, உங்க தலைலயே பழிய போட்டுக்கினு பேசறீங்க." லட்சுமம்மாவிடம் திரும்பினார். "பாத்தியாக்கா? எனக்கோசரம் இவ்ளோ தூரம் வெயில்ல வந்து, தன்ன திருடன்னு சொல்லிக்கறாரு. இப்படி ஒரு மனுசன பாத்துக்கீறியா நீ?"

"இல்ல ரத்னம்மா, நெஜம். சத்தியமா சொல்றேன்."

"வுடுங்க சார். அன்னிக்கு நான் உங்கள ஒரே வார்த்த கேட்டேன். நீங்க ஆமான்னீங்க. ஒம்பது வருசம் பாத்தவ சார் நானு. எங்க வூட்டு சோறு போவும்னு தெரிஞ்சும் பொய் சொல்ற ஆளா நீங்க? பொய்யா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பீங்க."

நான் எவ்வளவு கெட்டவன் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு சாட்சிகூட இல்லை. பாரிஸ் கதையை மறுபடியும் சொன்னேன். சிவசங்கரி அம்மாவின் பெயரைச் சொன்னேன். ஆசாரி சொன்னதைச் சொன்னேன். காய்ச்சல்காரனின் பேச்சுக்குத் தலையாட்டுவதுபோல எல்லாவற்றுக்கும், "சரிங்க சார், சரிங்க சார்" என்றார்.

ஃபேக்டரி ஆட்டோ வந்தது. ரத்னம்மா துண்டை மடித்துத் தோளில் பட்டைக்கு மேல் போட்டுக்கொண்டார். "மோர குடிச்சிட்டுப் போங்க சார். வெயில் கொளுத்துது" என்று சொல்லிவிட்டு ஏறினார். ஆட்டோ கிளம்பும்போது லட்சுமம்மா உள்ளே இருந்த பெண்களிடம் என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்து எனக்குக் கும்பிடு போட்டார்கள்.